ரேம் ஸ்பீடு பத்தி ஒரு வரி தப்பா போட்டுட்டீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட தொழில்நுட்பப் பக்கத்துல புதுசா டெஸ்க்டாப் அசெம்பிள் பண்றவங்களுக்குன்னு ஒரு கட்டுரை போட்ருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, பவர் சப்ளைய மிச்சம் புடிக்காதீங்கன்னு எழுதுனதெல்லாம் ரொம்ப கரெக்ட், ஆனா ரேம்னு (கம்ப்யூட்டர் வேல செய்யுறப்ப டேட்டாவ வெச்சுக்குற மெமரி) வர்ற எடத்துல மட்டும் ஒரே வரில முடிச்சுட்டீங்க, ஸ்பீடு எவ்ளோ கூடவோ அவ்ளோ நல்லது, முடிஞ்ச வரைக்கும் பெரிய நம்பரா பாத்து வாங்குங்கன்னு. அந்த ஒரு வரியால எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு. அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாயிடுச்சு, எடம் இல்லன்னா வெட்டிப் போட்டுக்கங்க, ஆனா ஸ்பீடு சமாச்சாரத்த மட்டும் விட்டுடாதீங்க.

எங்க அக்கா பையன் அந்தக் கட்டுரைய வெச்சுக்கிட்டு தான் லிஸ்ட் போட்டான். ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 7000 சீரிஸ்ல ஒரு ப்ராசஸர், அது சொருகுற ஏஎம்5 சாக்கெட் வெச்ச மதர்போர்டு, எல்லாம் சரி. ரேம் மட்டும் டிடிஆர்5ங்கற புது தலைமுறைல 7200 ஸ்பீடு, 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு ஒரே பெட்டில வர்ற கிட். காலைல ஃபோன் பண்றான்.

"மாமா, ஃபேன் சுத்துது, லைட்டெல்லாம் எரியுது, மானிட்டர்ல ஒண்ணுமே வரல."

"போர்டு ஓரத்துல குட்டி குட்டியா நாலு லைட்டு இருக்கும், அதுல எது எரியுது பாரு."

"டிரேம்னு எழுதிருக்க எடத்துல ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே நிக்குது."

"எவ்ளோ நேரம் விட்டுப் பாத்த?"

"ஒரு நிமிஷம் இருக்கும். ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட்டேன். ஏழெட்டு வாட்டி பண்ணிட்டேன் மாமா, ரேம் புட்டுக்கிச்சா?"

புட்டுக்கல. டிடிஆர்5 போர்டுல மொத தடவை ஆன் பண்ணுறப்ப ப்ராசஸருக்குள்ள இருக்க மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் சிக்னல் அனுப்பி, எந்த நேரத்துக்கு அனுப்புனா சரியா போய்ச் சேருது, எவ்ளோ வோல்டேஜ் வேணும்னு தட்டித் தடவி கத்துக்கும், அதுக்குப் பேரு மெமரி ட்ரெயினிங், அது முடியுற வரைக்கும் ஸ்க்ரீன் கருப்பா தான் இருக்கும், சில நிமிஷம் ஆகும், ரேம் அளவு கூட இருந்தா இன்னும் நேரம் எடுக்கும். இவன் அது பாதி பாடம் படிச்சுட்டு இருக்கும்போதே புஸ்தகத்த புடுங்கிப் புடுங்கி மூடிருக்கான். கைய எடுத்துட்டு கம்முனு உக்காருன்னு சொன்னேன். கொஞ்ச நேரத்துல டிஸ்ப்ளே வந்துருச்சு.

பிரச்சனை அதோட முடியும்னு பாத்தா அங்க தான் ஆரம்பிச்சுது. விண்டோஸ் போட்டு டாஸ்க் மேனேஜர்ல பாத்தா ஸ்பீடு 4800. இன்னொரு சாஃப்ட்வேர் போட்டு பாத்தா அதுல 2400. ஏமாத்திட்டாங்க மாமா, 7200னு சொல்லி 2400 ரேம் வித்துட்டாங்கன்னு ஒரே கத்தல்.

இத இங்க சொல்லிடுறேன், ஏன்னா இதக் கேக்காத ஆளே இல்ல. டிடிஆர்னாலே ஒரு க்ளாக் துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போகும்னு அர்த்தம், ஊஞ்சல் போறப்ப ஒரு ஆள எறக்கி வர்றப்ப ஒரு ஆள எறக்குற மாதிரி. ஊஞ்சல் செகண்டுக்கு எத்தனை தடவை போயிட்டு வருதுன்னு சில சாஃப்ட்வேர் காட்டும், எத்தனை ஆளு எறங்குனாங்கன்னு பெட்டில போட்ருப்பாங்க. அதனால 4800 ரேம்ல க்ளாக் 2400 மெகாஹெர்ட்ஸ் தான், 6000 ரேம்ல 3000 தான். பெட்டில இருக்க நம்பருக்கு மெகாஹெர்ட்ஸ்னு எழுதுறதே தப்பு, அது மெகாட்ரான்ஸ்ஃபர், செகண்டுக்கு எத்தனை பத்து லட்சம் தடவை டேட்டா போகுதுங்கற கணக்கு. கம்பெனிக்காரங்களும் எழுதுறாங்க, கடைக்காரங்களும் சொல்றாங்க, உங்க கட்டுரைலயும் அப்படித்தான் இருந்துச்சு, நானும் பேசுறப்ப அப்படித்தான் சொல்லித் தொலைக்கிறேன், அத விடுங்க.

பாதி நம்பருக்கு கணக்கு கெடச்சுருச்சு. ஆனா 7200 எங்க, 4800 எங்க? இது தான் முக்கியம். ரேம் ஸ்டிக்குக்குள்ள ஒரு சின்ன சிப்புல அதோட ஜாதகமே எழுதிருக்கும். அதுல ஜெடெக்னு ஒரு அமைப்பு வெச்ச ஸ்டாண்டர்ட் ஸ்பீடு ஒரு பக்கம் இருக்கும், கம்பெனி விளம்பரம் பண்ற ஸ்பீடு இன்னொரு பக்கம் இருக்கும். போர்டு முதல்ல பாக்குறது ஸ்டாண்டர்ட் பக்கத்த தான். விளம்பரத்துல இருக்க ஸ்பீடு வேணும்னா நாம பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்குற போர்டோட செட்டிங்ஸ்) போய் எக்ஸ்எம்பின்னு ஒண்ண ஆன் பண்ணணும், இன்டெல் 2007ல டிடிஆர்3 காலத்துல கொண்டு வந்தது அது, ஏஎம்டி ஆளுங்க 2022ல ரைசன் 7000 கூடவே எக்ஸ்போன்னு அவங்களுக்குன்னு ஒண்ணு விட்டாங்க. ரெண்டும் ஒரே வேலை தான், ஸ்பீடு, டைமிங், வோல்டேஜ் மூணையும் ஒரே க்ளிக்ல மாத்தும். டிடிஆர்5க்கு ஸ்டாண்டர்ட் 1.1 வோல்ட்டு, எக்ஸ்எம்பி போட்டா 1.35, 1.4னு போகும். அதனால தான் ரெண்டு கம்பெனியும் இத ஓவர்க்ளாக்கிங், அதாவது ஸ்டாண்டர்ட தாண்டி ஓட்டுற கணக்குல வெச்சிருக்காங்க. அதாவது பெட்டி மேல போட்ருக்க ஸ்பீடு ரேம் கம்பெனி குடுக்குற வாக்கு, ப்ராசஸர் கம்பெனி அதுக்கு பொறுப்பில்ல. இத எத்தனை பேருக்கு யாரு சொல்லிருக்காங்க?

இந்த எடத்துல என் மானத்தையும் வாங்கிக்கிறேன். நானே முன்னாடி டிடிஆர்4 3200 வாங்கிப் போட்டு ஒன்றரை வருஷம் அது 2133ல ஓடிட்டு இருந்தது தெரியாம இருந்தேன். பயாஸ் பக்கமே போகல. ஒருநாள் வேற எதுக்கோ டாஸ்க் மேனேஜர தொறந்தப்ப தான் கண்ணுல பட்டுச்சு, ரெண்டு தடவை கண்ண தொடச்சுட்டு பாத்தேன். இப்ப இதப் படிக்கிறவங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தா கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் ஒண்ணா தட்டி பெர்ஃபாமன்ஸ்ல மெமரிய க்ளிக் பண்ணிப் பாருங்க, பாதிப் பேருக்கு நான் சொல்றது புரியும்.

சரி, பையன் கதைக்கு வர்றேன். எக்ஸ்எம்பி ஆன் பண்ணி 7200 வெச்சான். மறுபடி கருப்பு. இந்த தடவை பதினஞ்சு நிமிஷம் விட்டும் வரல. வட்டமான பேட்டரிய கழட்டி பயாஸ் செட்டிங்க அழிச்சு மறுபடி 4800க்கு வந்தோம். திரும்ப 7200, திரும்ப கருப்பு. அவனுக்கு மூஞ்சி செத்துருச்சு. ரேம்ல குத்தம் இல்ல, போர்டுலயும் குத்தம் இல்ல. மெமரி கன்ட்ரோலர் எங்க இருக்குன்னு பாருங்க, அது ஒரு காலத்துல போர்டுல தனி சிப்பா இருந்துச்சு, ஏஎம்டி 2003ல அத்லான் 64ல ப்ராசஸருக்குள்ள கொண்டு வந்தாங்க, இன்டெல் 2008ல கொண்டு வந்தாங்க, அதுல இருந்து ரேம் எவ்ளோ வேகமா ஓடும்னு முடிவு பண்றதுல பெரிய கை ப்ராசஸரோடது தான். ரைசன் 7000க்கு ஏஎம்டி எழுத்துல குடுத்திருக்க ஸ்பீடு ரெண்டு ஸ்டிக்குக்கு 5200. 9000 சீரிஸுக்கு 5600. 7000 வந்தப்ப அவங்களே 6000 தான் தோதான எடம்னு சொன்னாங்க. ஏன் 6000னா, அது வரைக்கும் ரேம் க்ளாக்கும் கன்ட்ரோலர் க்ளாக்கும் ஒண்ணுக்கு ஒண்ணா 3000ல சேந்து ஓடும், அதுக்கு மேல கொஞ்ச தூரம் தான் தாங்கும், 6400 தாண்டுனா பெரும்பாலும் கன்ட்ரோலர் பாதி ஸ்பீடுக்கு எறங்கிடும். 7200னு வெச்சா ரேம் 3600ல ஓடும், கன்ட்ரோலர் 1800ல நடக்கும். கூட காசு குடுத்து வாங்கி உள்ள ஒரு கால நொண்டியாக்குறதுக்கா? டிடிஆர்4 ரைசன்லயும் இதே கதை தான், 5000 சீரிஸ்ல எழுத்துல 3200, ஒண்ணுக்கு ஒண்ணு 3600 வரைக்கும் பெரும்பாலும் நிக்கும்.

கடைசில அந்த கிட்டோட எக்ஸ்எம்பிய வெச்சுக்கிட்டே ஸ்பீடு மட்டும் 6000க்கு எறக்குனோம். ஒரே தடவைல வந்துருச்சு. ராத்திரி பூரா மெம்டெஸ்ட்86ங்கற ரேம் டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர ஓட விட்டான், ஒரு எர்ரர் கூட இல்ல. அந்த டெஸ்ட்ட ஓட்டாம விடாதீங்க, ஏன்னா ரேம் ஸ்பீடு தாங்காததுன்னா எப்பவுமே கருப்பு ஸ்க்ரீனா வராது, ஒருநாள் கேம் தானா மூடிக்கும், ஒருநாள் ஜிப் ஃபைல் தொறக்காது, ஒருநாள் ப்ளூ ஸ்க்ரீன், நாம விண்டோஸ திட்டிக்கிட்டு இருப்போம்.

ஆக கடைல பெட்டிய கைல எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரக் கேக்கணும், கல்யாணத்துக்கு ரெண்டு வீட்டுலயும் கேக்குற மாதிரி. ப்ராசஸர் கம்பெனி சைட்டுல அந்த மாடல் பேரப் போட்டா மெமரி டைப், மேக்ஸிமம் ஸ்பீடுன்னு இருக்கும். போர்டு கம்பெனி சைட்டுல சப்போர்ட் பக்கத்துல க்யூவிஎல்னு ஒரு நீளமான லிஸ்ட் இருக்கும், அவங்க போட்டு டெஸ்ட் பண்ணிப் பாத்த ரேம் மாடல் எல்லாம் எந்த ஸ்பீடுல, எத்தனை ஸ்டிக்கு வரைக்கும் ஓடுச்சுன்னு போட்ருப்பாங்க. ரேம் பார்ட் நம்பர ஒரு எழுத்து விடாம அதுல தேடணும், கடைசி ஒரு எழுத்து மாறுனா கூட அது வேற சரக்கு. லிஸ்ட்ல இல்லன்னா ஓடாதுன்னு இல்ல, ஆனா இருந்துச்சுன்னா ராத்திரி தூக்கம் வரும்.

இன்னொரு கூத்து, சில போர்டே ஸ்பீட புடிச்சு வெச்சிருக்கும். இன்டெல்ல பத்தாவது ஜெனரேஷன் ஐ5 10400 எடுத்து பி460 போர்டுல போட்டா நீங்க 3200 போட்டாலும் சரி, 3600 போட்டாலும் சரி, 2666 தான். எக்ஸ்எம்பி ஆன் பண்ணியும் ஒண்ணும் ஆகாது, அந்த போர்டோட சிப்செட்டுல (போர்டுல இருக்க கன்ட்ரோல் சிப்பு) வழி கெடையாது. அதுக்கப்புறம் வந்த பி560ல தான் தொறந்து விட்டாங்க. இப்பவும் எச்610 மாதிரி கீழ் வரிசை போர்டுங்கள்ல மெமரி ஓவர்க்ளாக் கெடையாது. அந்த மாதிரி போர்டுக்கு 6400 கிட் வாங்குறது சந்துக்குள்ள ஓட்டுறதுக்கு ரேஸ் கார் வாங்குற மாதிரி.

டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆன்னு குழம்புறவங்களுக்கு ரெண்டே வரி. ரெண்டுக்கும் 288 பின்னு தான், ஆனா நடுவுல இருக்க வெட்டு வேற எடத்துல இருக்கும், மாத்திப் போட முடியாது, அழுத்திப் பாக்காதீங்க. ஏஎம்4ன்னா டிடிஆர்4 மட்டும், ஏஎம்5ன்னா டிடிஆர்5 மட்டும், இன்டெல் 12, 13, 14 ஜெனரேஷன்ல ப்ராசஸர் ரெண்டையும் ஏத்துக்கும், ஆனா போர்டுல பெரும்பாலும் ஏதோ ஒண்ணு தான் இருக்கும், போர்டு பேருல டி4ன்னு ஒட்டிருக்கான்னு பாருங்க.

அடுத்து சிஎல் நம்பர், கேட்ட டேட்டாவ குடுக்க ரேம் எத்தனை க்ளாக் துடிப்பு எடுக்குதுங்கறது. உங்க கட்டுரைல இத ஒரு வார்த்தை கூட சொல்லல. ஸ்பீடுங்கறது ரோடு எவ்ளோ அகலம்னா சிஎல்ங்கறது சிக்னல்ல எவ்ளோ நேரம் நிக்கிறோம்ங்கற மாதிரி. சிஎல் நம்பர 2000ஆல பெருக்கி ஸ்பீடால வகுத்தா நானோ செகண்டுல நேரம் வந்துரும். 3200ல சிஎல் 16, பத்து நானோ செகண்டு. 3600ல சிஎல் 18, அதுவும் பத்து. 6000ல சிஎல் 30, அதுவும் அதே பத்து தான். ஆனா அதே 6000ல சிஎல் 40னு ஒண்ணு கெடைக்கும், பெட்டி ஒரே மாதிரி இருக்கும், கணக்கு போட்டா 13.3. 4800ல சிஎல் 40னா 16.7. அதுக்காக டிடிஆர்5 மோசம்னு கெளம்பிடாதீங்க, ஒரு 3200 ஸ்டிக் செகண்டுக்கு 25.6 ஜிபி தள்ளும், 6000 ஸ்டிக் 48 ஜிபி தள்ளும், ரோடு அவ்ளோ அகலம். நான் சொல்றது என்னன்னா ஒரே ஸ்பீடுல ரெண்டு கிட் இருந்தா சிஎல் கம்மியா இருக்கறத எடுங்க, ஸ்பீடு கொஞ்சம் கூடி சிஎல் கன்னாபின்னான்னு ஏறிருந்தா அந்த நம்பர பாத்து மயங்காதீங்க. பையன் வாங்குன 7200 சிஎல் 34, கணக்குக்கு 9.4 தான், பத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் பாருங்க, அரைக்கு கொஞ்சம் மேல. அந்த அரைக்கு தான் ஞாயித்துக்கிழமை போச்சு.

ஃப்ரெண்டு ஒருத்தன் கதை வேற மாதிரி. ரெண்டு ஸ்டிக் 6000ல ஜம்முனு ஓடிட்டு இருந்துச்சு, காலியா ரெண்டு ஸ்லாட் பல்ல காட்டுதேன்னு அதே கம்பெனி அதே மாடல் இன்னொரு கிட் வாங்கி சொருகிட்டான். எக்ஸ்போ போட்டா ஆன் ஆகல, எக்ஸ்போவ ஆஃப் பண்ணா 3600ல ஓடுது. கடைக்காரர் டூப்ளிகேட் குடுத்துட்டாருன்னு சண்டைக்கு போகப் பாத்தான், நான் தான் ப்ராசஸர் பக்கத்த தொறந்து காட்டுனேன், ரைசன் 7000க்கு நாலு ஸ்டிக் போட்டா எழுத்துல இருக்கறதே 3600 தான். ஒரே சேனல்ல (ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவுல இருக்க பாதை) ரெண்டு ஸ்டிக்க கட்டி இழுக்குறது கன்ட்ரோலருக்கு அவ்ளோ பாரம். ஒரே மாடல்னாலும் உள்ள இருக்க சிப்பு வேற மாசம் வேற தொழிற்சாலைன்னு மாறிருக்கலாம், கிட்டா வித்தது ஒண்ணா டெஸ்ட் பண்ணது, தனித்தனியா வாங்குனது அப்படி இல்ல. அதனால 64 ஜிபி பின்னாடி தேவைப்படும்னு தோணுனா இப்பவே 32 ரெண்டா எடுங்க, 16 நாலா வேணாம். பழசும் புதுசும் கலந்தா ரெண்டுல மெதுவா இருக்கறதோட ஸ்பீடுக்கு தான் எல்லாம் எறங்கும்ங்கறது தெரிஞ்ச விஷயம்.

ரெண்டு ஸ்டிக்குன்னா எந்த ஸ்லாட்டுலன்னும் சொல்லணும். நாலு ஸ்லாட் போர்டுல ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும், பெரும்பாலான போர்டுல அப்படித்தான், மேனுவல்ல படம் போட்ருக்கும். ஒண்ணும் ரெண்டும்னு பக்கத்துல பக்கத்துல சொருகுனா ரெண்டும் ஒரே சேனல்ல போயிடும், பாதி ரோடு காலி. அது 6000 ரேமா இருந்தாலும் என்ன ப்ரயோஜனம்?

இவ்ளோ எழுதிட்டு ஒரு உண்மைய சொல்லாம போனா நல்லா இருக்காது. எல்லாருக்கும் இந்த ஸ்பீடு தேவையா? டைப் பண்ண, ப்ரௌசர் தொறக்க, படம் பாக்கன்னா 4800க்கும் 6000க்கும் வித்தியாசம் கைக்கு தெரியாது, அந்தக் காச ரேம் அளவ கூட்டுறதுல போட்டா ப்ரயோஜனம் இருக்கும். ஸ்பீடு நெஜமாவே வேல செய்யுற எடம் ஒண்ணு இருக்கு, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம ரைசன் 5600ஜி மாதிரி உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்க ப்ராசஸர்லயே கேம் ஆடுறவங்களுக்கு. அவங்களுக்கு இந்த ரேம் தான் வீடியோ மெமரியும், அங்க ஒத்த ஸ்டிக்கு போட்டு ஓட்டுறது பாவம். அதுக்கு நேர் எதிரா 7800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி கேச் (ப்ராசஸருக்குள்ளயே இருக்க குட்டி மெமரி) வெச்சிருக்க ப்ராசஸர் ரேம் பக்கம் அடிக்கடி போறதே இல்ல, அங்க சுமாரான ஸ்பீடே போதும். இத வாங்குறவனுக்கு தான் கடைல பெரிய நம்பர் ரேம தலைல கட்டுறாங்க, அதுவும் கொம்பு மாதிரி உயரமா ஹீட்சிங்க் வெச்சது, பெரிய ஏர் கூலர் போட்டா அது மேல இடிக்கும், ஃபேன மேல தூக்கி மாட்டுனா கேஸ் மூடாது.

நான் ஆசிரியர் கிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க, ப்ராசஸரும் போர்டும் எந்த ஸ்பீடு வரைக்கும் ஒத்துக்குதுன்னு பாத்துட்டு அந்த ஸ்பீடுல ஒரே கிட்டா வாங்கி பயாஸ்ல ஆன் பண்ணணும்னு. அடுத்து எஸ்எஸ்டி பத்தி வரப்போகுதுன்னு கீழ போட்ருந்தீங்க, அதுலயும் செகண்டுக்கு இத்தனை எம்பின்னு பெரிய நம்பரா போட்டு விட்டுடாம போர்டுல எந்த ஸ்லாட்டுக்கு எத்தனை லேன் (டேட்டா போற பாதை) வருதுன்னு மேனுவல்ல பாக்க சொல்லுங்க, ஏன்னா பையன் அதையும் வெட்டி வெச்சுக்கிறேன்னு சொல்லிருக்கான்.

இப்படிக்கு,
உங்க ஞாயித்துக்கிழமை வாசகன்